மெட்ரோ தோண்டுது, பெருச்சாளி தோண்டுது… மூஞ்சூறு மட்டும் ஏன் தோண்டாது? முன்னங்கால் தசைகள் சொல்லும் பதில்

தி.நகர், மயிலாப்பூர், அடையாறு. இந்த மூன்று ஏரியாவில் எங்கே இருந்தாலும் சில வருடங்களாகக் காதில் விழும் வார்த்தை ஒன்றுதான்: தோண்டுறாங்க. சென்னை மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணிக்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். ரூ.63,246 கோடி மதிப்பிலான திட்டத்துக்கு 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. சுரங்கம் தோண்ட இறக்கிய ராட்சத இயந்திரங்களுக்குப் பெயரும் வைத்தார்கள். கலங்கரை விளக்கம் பக்கம் ஃபிளமிங்கோ, பனகல் பூங்காவில் பெலிகனும் பீகாக்கும், கிரீன்வேஸ் சாலையிலிருந்து அடையாறு நோக்கிப் போனவை காவேரியும் அடையாறும்.

பறவை பெயர் இருக்கு, ஆறு பெயர் இருக்கு. ஆனால், நிலத்துக்கு அடியில் சுரங்கம் போடுவதையே பிழைப்பாகக் கொண்ட ஒரு விலங்கின் பெயர் மட்டும் பட்டியலில் இல்லை. அதுதான் அகழெலி. ஆங்கிலத்தில் 'மோல்' என்பார்கள். வெளிநாட்டுப் பத்திரிகைகள் இந்தச் சுரங்க இயந்திரங்களையே செல்லமாக 'மோல்' என்று எழுதுவதுண்டு.

அகழெலி சென்னையில் கிடையாது. அதன் நெருங்கிய உறவுக்காரர் ஒருவர் மட்டும் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார். இரவில் கிச்சன் சுவரோரம் 'கீச் கீச்' என்று ஓடும் மூஞ்சூறு. நம்மில் பலர் அதை எலி என்று நினைத்து விஷம் வைக்கிறோம். அந்தத் தப்புக் கணக்குக்கு நாம் கொடுக்கும் விலை சின்னது இல்லை. அதைப் புரிந்துகொள்ள, இந்த விலங்குகளின் கையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும்.

முதலில், யார் யாருக்கு உறவு?

எலி, பெருச்சாளி, சுண்டெலி, அணில் எல்லாம் 'கொறிப்பன' வரிசை. முன்னால் உளி மாதிரி ஒரு ஜோடி வெட்டுப்பற்கள், அவை வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால் கொறித்துக்கொண்டே இருந்தாக வேண்டும்.

மூஞ்சூறு அந்த வரிசையே கிடையாது. மூஞ்சூறு, அகழெலி, முள்ளெலி மூன்றும் 'யூலிபோடிஃபிளா' என்ற வேறொரு வரிசை. பெயரில் எலி இருந்தாலும் எலிக்கும் இவற்றுக்கும் நெருங்கிய சம்பந்தம் இல்லை. இவற்றின் முக்கிய உணவு பூச்சி, புழு, மண்புழு. தென்மாவட்டங்களின் வறண்ட காடுகளில் இருக்கும் முள்ளெலி இந்தக் குடும்பத்தின் இன்னொரு தமிழ்நாட்டு உறுப்பினர்.

இந்தியாவில் அகழெலி பார்க்க வேண்டுமென்றால் வடகிழக்குப் பக்கம் போக வேண்டும். டார்ஜிலிங், சிக்கிம் மலைகளில் இமாலய அகழெலி உண்டு. 1841-ல் பிரையன் ஹாட்சன் அதை அறிவியலுக்கு அறிமுகம் செய்தார். அசாம், மேகாலயா பக்கம் வெள்ளைவால் அகழெலி என்று இன்னொன்று இருக்கிறது.

ஒப்பிட வசதியான விஷயம் என்னவென்றால், ஐரோப்பிய அகழெலியும் நம்மூர் வீட்டு மூஞ்சூறில் பெரிய ஆணும் கிட்டத்தட்ட ஒரே எடை வகுப்பு. இரண்டும் சுமார் 100 கிராம் பக்கம். ஒரே வரிசை, ஒரே மாதிரி சாப்பாடு, எடையும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் ஒன்று மண்ணுக்குள் நீந்துகிறது, இன்னொன்று சுவரை ஒட்டி ஓடுகிறது. வித்தியாசம் முன்னங்காலில்தான்.

அகழெலியின் கையில் அப்படி என்ன விசேஷம்?

உங்கள் மேற்கை எலும்பைத் தொட்டுப் பாருங்கள். தோளிலிருந்து முழங்கை வரை நீளமாக, ஒல்லியாக, குழாய் மாதிரி இருக்கும். மூஞ்சூறுக்கும் அளவில் சின்னதாக இதே அமைப்புதான்.

அகழெலியின் மேற்கை எலும்பைத் தனியாக எடுத்துக் காட்டினால் அது கை எலும்பு என்றே நம்ப மாட்டீர்கள். குட்டையாக, பட்டையாக, நீளத்துக்கு ஏறக்குறைய சமமான அகலத்துடன், ஓரங்களில் மேடும் கொக்கியுமாக இருக்கும். அந்த மேடுகள் அலங்காரத்துக்கு இல்லை. ஒவ்வொன்றும் ஒரு பெரிய தசை வந்து பிடிக்கும் இடம்.

நமக்கு மேற்கை எலும்பு தோள்பட்டை எலும்போடு மட்டும்தான் மூட்டு போடும். அகழெலிக்கு அது காறை எலும்போடும் நேரடியாக மூட்டு போடுகிறது. ஆக, கைக்கு இரண்டு இடத்தில் தாங்கல். தோள்பட்டை எலும்பு நீண்டு ஒடுங்கிய பட்டி மாதிரி இருக்கும். மார்பெலும்பின் முன்பகுதி கழுத்துப் பக்கம் நீண்டு, பறக்கும் பறவைகளுக்கு இருப்பது போன்ற ஒரு முகட்டோடு இருக்கும். இதனால் முழுத் தோள் அமைப்பும் முன்னால் நகர்ந்து, கைகள் கிட்டத்தட்ட காதுக்குப் பக்கத்திலிருந்தே முளைத்த மாதிரி தெரியும். உள்ளங்கை கீழே பார்க்காது, பக்கவாட்டில் வெளிப்புறமாகப் பார்க்கும். மண்ணை வெட்டிப் பக்கவாட்டில் தள்ள அதுதான் வசதி.

எந்தத் தசை வேலை செய்கிறது?

ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். லாட் புல்டவுன் இழுக்கும்போது முதுகின் 'லாட்ஸ்' தசையோடு, அக்குளுக்குப் பின்னால் 'டெரஸ் மேஜர்' என்று ஒரு சின்னத் தசையும் வேலை செய்யும். நம் உடம்பில் அது ஒரு உதவி நடிகர்.

அகழெலியின் கையில் அதே டெரஸ் மேஜர்தான் ஹீரோ. தோள் பகுதியின் மிகப்பெரிய தசை அதுதான். தோள்பட்டை எலும்பிலிருந்து வந்து, மேற்கை எலும்பின் ஓரத்தில் துருத்திக்கொண்டு நிற்கும் ஒரு மேட்டில் பிடிக்கிறது. அந்த மேடு எலும்பின் சுழல் அச்சிலிருந்து தள்ளி இருப்பதுதான் சூட்சுமம். போல்ட்டைக் கையால் திருகுவதற்கும், நீளக் கைப்பிடி ஸ்பேனர் போட்டுத் திருகுவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

அதாவது, அகழெலி கையை முன்னும் பின்னும் வீசித் தோண்டுவதில்லை. மேற்கை எலும்பை அதன் அச்சிலேயே திருகித் தோண்டுகிறது. டெரஸ் மேஜரோடு லாட்ஸ், தோள்பட்டைக்கு உள்பக்கத் தசை, மார்புத் தசைகள் எல்லாம் சேர்ந்து அதே திருகலைத்தான் செய்கின்றன.

மனிதர்களில் இதற்கு நெருக்கமான அசைவு ஆர்ம் ரெஸ்லிங். அங்கேயும் தோளில் மேற்கை எலும்பு உள்நோக்கித் திருகுகிறது. ஆர்ம் ரெஸ்லிங் போட்டிகளில் சிலருக்கு மேற்கை எலும்பு சுருள் சுருளாக முறிவது மருத்துவர்களுக்குத் தெரிந்த காயம். நீளமான, ஒல்லியான எலும்பு முறுக்கைத் தாங்காது. அகழெலியின் எலும்பு ஏன் குட்டையாகவும் பட்டையாகவும் இருக்கிறது என்று இப்போது புரிகிறதா? நாள் முழுக்க ஆர்ம் ரெஸ்லிங் செய்யும் கைக்கு அந்த வடிவம்தான் பாதுகாப்பு.

இன்னொரு வேடிக்கை, விரல்கள். நாம் விரலை மடக்கிப் பிடிக்க, முழங்கைத் தசைகள் சுருங்கியே தீர வேண்டும். கொஞ்ச நேரத்தில் வலிக்கும். அகழெலியில் விரல்களை மடக்கும் முக்கியத் தசை பெரும்பாலும் கயிறு மாதிரியான தசைநாராகவே மாறிவிட்டது. மண் எதிர்த்துத் தள்ளினாலும் விரல்கள் பின்னால் வளையாமல் அந்தக் கயிறு இழுத்துப் பிடிக்கும். சக்தி செலவில்லாமல் கை மண்வெட்டியாக நிற்கிறது.

அந்த மண்வெட்டியை அகலமாக்க ஆறாவதாக ஒரு 'கட்டைவிரல்' வேறு. அது உண்மையான விரல் கிடையாது. மணிக்கட்டில் இருக்கும் ஒரு சின்ன எலும்பு நீண்டு அரிவாள் வடிவில் வளர்ந்தது. 2011-ல் சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருவளர்ச்சியைப் பின்தொடர்ந்து, மற்ற ஐந்து விரல்கள் உருவான பிறகே இது உருவாகிறது என்று காட்டினார்கள்.

சுரங்க இயந்திரத்தோடு ஒப்பிட்டால்?

மெட்ரோ இயந்திரம் முன்னால் வட்ட வடிவ வெட்டும் தலையைச் சுழற்றுகிறது. பின்னால் ஏற்கெனவே பொருத்திய கான்கிரீட் வளையத்தின் மேல் ஹைட்ராலிக் ஜாக்குகளை ஊன்றித் தன்னை முன்னால் தள்ளிக்கொள்கிறது. வெட்டிய மண்ணை வெளியே அனுப்புகிறது.

அகழெலிக்கும் இதே மூன்று பிரச்சினை: வெட்ட வேண்டும், ஊன்ற வேண்டும், மண்ணை வெளியேற்ற வேண்டும். ஒரு கையால் வெட்டும்போது மற்ற உறுப்புகளைச் சுரங்கச் சுவரில் ஊன்றிக்கொள்கிறது. மண் இளக்கமாக இருந்தால் பக்கச் சுவரிலேயே அழுத்திக் கெட்டிப்படுத்துகிறது. மிச்சத்தை மேலே தள்ளுகிறது. ஐரோப்பியத் தோட்டங்களில் வரிசையாகத் தெரியும் மண் குவியல்கள் இப்படி வந்தவைதான்.

சரி, மூஞ்சூறு கை எப்படி?

ரொம்பச் சாதாரணக் கை. அதை இழிவாகச் சொல்லவில்லை, உடற்கூறியலில் அதுதான் உண்மை. தோளில் அதே தசைகள் எல்லாம் இருக்கின்றன. டெரஸ் மேஜர் இருக்கிறது, லாட்ஸ் இருக்கிறது, மார்புத் தசை இருக்கிறது. புதிதாக ஒரு தசைகூட அகழெலிக்குக் கிடைக்கவில்லை, இருந்ததே அளவிலும் பிடிக்கும் இடத்திலும் மாறியிருக்கிறது. மூஞ்சூறில் இந்தத் தசைகள் காலை முன்னும் பின்னும் ஊசலாட்டி ஓட வைக்கும் வேலைக்கானவை. காறை எலும்பு ஒல்லி. உள்ளங்கை தரையைப் பார்த்தபடி இருக்கும். நகங்கள் சின்னது.

1951-ல் அமெரிக்க உடற்கூறியலாளர் சார்லஸ் ரீட் மூன்று விலங்குகளை வரிசையாக வைத்து இதைப் பார்த்தார்: ஒரு மூஞ்சூறு, இரண்டுக்கும் நடுவில் 'ஷ்ரூ மோல்' என்ற சின்ன அகழெலி, அப்புறம் முழுநேரம் தோண்டும் அகழெலி. நடுவில் உள்ளதன் கை நிஜமாகவே நடுவில்தான் இருந்தது. பாதி ஓட்டக் கை, பாதி மண்வெட்டி.

மூஞ்சூறு கூட்டத்திலும் தோண்டப் பார்த்தவர்கள் உண்டு. இலங்கை மலைப்பகுதியிலும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இருக்கும் கெலார்ட் மூஞ்சூறுக்கு முன்னங்கால் நகங்கள் நீளம், ஈர மண்ணைக் கிளறப் பயன்படும். ஆனால் அதுவும் அகழெலி அளவுக்கு எலும்பை மாற்றிக்கொள்ளவில்லை.

நம் ஊர்ப் பழமொழி ஒன்று இதைப் பலகாலம் முன்பே பிடித்துவிட்டது. மூஞ்சூறு தான் போகவே வழியைக் காணோமாம், விளக்குமாற்றையும் தூக்கிக்கொண்டு போச்சாம். வழி இல்லையென்றால் அகழெலி வழியை உண்டாக்கும். மூஞ்சூறால் அது முடியாது, இருக்கிற சந்து பொந்தில்தான் நுழையும். பழமொழி சொன்னவருக்கு டெரஸ் மேஜர் தெரியாது, ஆனால் மூஞ்சூறைத் தெரிந்திருக்கிறது.

அகழெலிக் கையை வேறு யாரும் காப்பி அடித்திருக்கிறார்களா?

பிள்ளைப்பூச்சி! மழைக்குப் பிறகு லைட்டைத் தேடி வீட்டுக்குள் வந்து விழுமே, அதேதான். அதன் முன்னங்காலைப் பார்த்தால் குட்டையாக, அகலமாக, பல் வைத்த மண்வெட்டி மாதிரி இருக்கும். உள்ளே எலும்பே கிடையாது, பூச்சிக்கு எல்லாம் வெளி ஓடுதான். இருந்தும் வடிவம் அகழெலிக் கை. அதனால்தான் அறிவியல் பெயரிலேயே லத்தீனில் 'வெட்டுக்கிளி அகழெலி' என்ற பொருள்படும் 'கிரில்லோடால்பா' என்று வைத்தார்கள். ஒரே வேலைக்கு இயற்கை இரண்டு தனித்தனி வழியில் ஒரே கருவியைச் செய்திருக்கிறது.

அகழெலியின் பலத்துக்கு ஹார்மோனும் உதவுகிறது என்கிறது 2020-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த மரபணு ஆய்வு. ஐபீரிய அகழெலிப் பெண்களுக்கு முட்டைத் திசுவோடு விதைத் திசுவும் இருப்பதால் ஆண்களுக்கு இணையாக டெஸ்டோஸ்டிரோன் சுரக்கிறது. அதற்குக் காரணமான மரபணு மாற்றங்களில் ஒன்றைச் சோதனை எலிகளில் செய்து பார்த்தபோது எலிகளின் பிடி வலுவடைந்தது.

அப்போ நம்ம தெருவில் வளை தோண்டுவது யார்?

பெருச்சாளி. குறிப்பாகச் சின்னப் பெருச்சாளி. பழைய ஆங்கில நூல்களில் இதன் பெயரே 'இந்தியன் மோல் ராட்'. 'பாண்டிகூட்' என்ற ஆங்கில வார்த்தையும் தெலுங்கின் 'பந்திகொக்கு' என்பதிலிருந்து போனதுதான், பன்றி எலி என்று அர்த்தம்.

இது தோண்டும் விதம் வேறு. கையைத் திருகாது, வயிற்றுக்கு அடியில் பிறாண்டி இழுக்கும். பலமான நகமும் உளிப் பற்களும் சேர்ந்து வேலை செய்யும். வயல் வரப்பு, காம்பவுண்டு சுவரடி, கழிவுநீர்க் கால்வாய் ஓரம் என்று வளை போட்டு, வாசலில் மண்ணைக் குவித்து வைக்கும். வயர் கடிப்பது, அரிசி மூட்டையில் ஓட்டை போடுவது எல்லாம் கொறிப்பன வேலை. மூஞ்சூறுக்கு அதற்கான பல்லும் இல்லை, கையும் இல்லை.

ஆக, அடையாளம் காண்பது கஷ்டமில்லை. நீளமாகக் கூர்ந்து ஆடிக்கொண்டே இருக்கும் மூக்கு, கடுகு மாதிரிக் கண், அடியில் தடித்து ஆங்காங்கே முடி நீட்டிக்கொண்டிருக்கும் வால், கஸ்தூரி மாதிரி குப்பென்ற நெடி, கீச்சுச் சத்தம், சுவரை ஒட்டியே ஓட்டம். இவை இருந்தால் மூஞ்சூறு. குட்டிகள் ஒன்றின் பின்பக்கத்தை ஒன்று கவ்விக்கொண்டு ரயில் பெட்டி மாதிரி போவதைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம். மண் குவித்த வளை, கொறித்த தடம் இருந்தால் எலி அல்லது பெருச்சாளி.

இதை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

ஏனென்றால், அடையாளம் தெரியாமல் வைக்கும் விஷம் வீட்டுக்குள் நம்மோடு இருக்கிறது. 2024 நவம்பரில் சென்னையை ஒட்டிய குன்றத்தூர் பகுதியில், வீட்டில் வைத்த எலி மருந்தின் நச்சு நெடியால் இரண்டு சின்னக் குழந்தைகள் இறந்துபோனார்கள், பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 3% மஞ்சள் பாஸ்பரஸ் கொண்ட எலிப் பசை கல்லீரலைச் செயலிழக்கச் செய்து பல உயிர்களைப் பறித்ததால், அதைத் தமிழ்நாடு அரசு தடை செய்தது. காற்றோட்டம் இல்லாத, ஏசி போட்டு மூடிய அபார்ட்மென்ட் அறையில் எந்த எலி மருந்தும் சின்ன விஷயம் இல்லை.

பசை அட்டையும் நல்ல மாற்று இல்லை. ஒட்டிக்கொண்ட உயிர் பட்டினியிலும் பயத்திலும் மெதுவாகச் சாகும். இந்திய விலங்கு நல வாரியம் இதைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. 1962-ல் ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் தொடங்கி, பல பத்தாண்டுகள் சென்னையிலிருந்தே இயங்கிய வாரியம் அது.

இதற்காக மூஞ்சூறைத் தூக்கிக் கொஞ்சச் சொல்லவில்லை. 1964-ல் வேலூர் தொட்டப்பாளையத்தில் பிடித்த ஒரு மூஞ்சூறிலிருந்து ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். உலகில் முதன்முதலில் தனித்தெடுக்கப்பட்ட ஹான்டா வகை வைரஸ் அதுதான், பெயரும் 'தொட்டப்பாளையம் வைரஸ்'. அது மனிதர்களுக்குக் கடும் நோய் தருவதாக நிறுவப்படவில்லை. ஆனாலும் மூஞ்சூறு, எலி இரண்டுமே லெப்டோஸ்பைரோசிஸ் போன்ற கிருமிகளைச் சுமக்கக்கூடும். எச்சத்தையோ செத்த உடலையோ வெறுங்கையால் தொடாதீர்கள்.

என்ன செய்யலாம்?

வந்திருப்பது மூஞ்சூறு என்றால் வேலை ரொம்பச் சுலபம், காரணம் அதன் கைதான். அதனால் புது வழி போட முடியாது. பாத்ரூம் ஜலதாரைக்குக் கம்பி வலை, கதவடி இடைவெளிக்கு ரப்பர் பட்டை, பைப் நுழையும் ஓட்டைக்கு சிமென்ட். அவ்வளவுதான். அடைத்ததைத் தோண்டிக்கொண்டு திரும்பி வராது. அதற்குச் சாப்பாடே கரப்பானும் பூச்சியும் என்பதால், இரவில் சிங்க்கையும் குப்பைக் கூடையையும் சுத்தமாக வைத்தால் வரவும் குறையும். கூண்டில் மாட்டினால் உடனே வெளியே விட்டுவிடுங்கள், அதிக நேரம் சாப்பிடாமல் அதனால் தாங்க முடியாது.

பெருச்சாளி என்றால் கதை வேறு. அது கொறித்தும் தோண்டியும் திரும்ப வரும். வளையை அடைப்பது, குப்பையை அகற்றுவது, கால்வாய் மூடியைச் சரிசெய்வது எல்லாம் தெரு முழுக்கச் சேர்ந்து நடந்தால்தான் பலன். ஒரு ஃப்ளாட்டில் மட்டும் மருந்து வைத்து ஒன்றும் ஆகாது. பெஸ்ட் கன்ட்ரோல் ஆட்களைக் கூப்பிட்டால், என்ன மருந்து, எந்த அறையில், எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

பிள்ளையார் சதுர்த்திக்கு மயிலாப்பூர் மாட வீதியில் களிமண் பிள்ளையார் வாங்கும்போது, காலடியில் இருக்கும் வாகனத்தை நாம் மூஞ்சூறு என்றுதான் சொல்கிறோம். அதே வீட்டில் அன்றிரவு சுவரோரம் ஓடினால் மட்டும் எலி ஆகிவிடுகிறது. அடுத்த முறை மருந்துக் கடைக்குப் போவதற்கு முன்னால் டார்ச் அடித்து அந்த மூக்கையும் கையையும் ஒரு தடவை பாருங்கள். பெரும்பாலும் உங்களுக்குத் தேவைப்படுவது விஷம் இல்லை, ஒரு துண்டு கம்பி வலை.